பல்லிக்குப் போயி ஆராச்சும் வைத்தியம் பாப்பாங்களா?

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளம்; சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 31 வயது. கல்யாணமாகி வந்ததிலிருந்து தோட்டத்துச் சாளையில்தான் குடியிருக்கிறோம். ஓட்டு வீடு. சின்ன வயசிலிருந்தே எனக்குப் பல்லி ஆகாது. இப்போது முற்றிவிட்டது. பொழுது இறங்கினால் சமையலறைக்குள் தனியாகப் போக மாட்டேன். போயே ஆக வேண்டுமென்றால் வாசலில் நின்று கதவைத் தட்டுவேன், கையை மட்டும் நீட்டி லைட் போடுவேன், விளக்குமாற்றால் நிலையில் ரெண்டு அடி அடிப்பேன், அப்புறம்தான் உள்ளே. போன மாசம் சந்தகை பிழிந்துகொண்டிருந்தபோது மேலிருந்து ஒன்று விழுந்தது. அடுப்பைக்கூட அணைக்காமல் களத்துக்கு ஓடிவிட்டேன். என் நாலு வயது மகளும் இப்போது பல்லியைப் பார்த்தால் வீல் என்று கத்துகிறாள்.

“ஈரோட்டில் ஓர் ஆலோசகரிடம் கேட்டேன். 12 வாரம் வாருங்கள், உடம்பைத் தளர்த்தப் பழகிக்கொண்டு கற்பனையில் பல்லியைப் பார்க்கலாம் என்றார். கோயம்புத்தூரில் இன்னொருவர், ஒரே நாளில் மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம், ஆனால் நிஜப் பல்லி இருக்கும் என்றார். அக்கா மகன், கண்ணில் மாட்டினால் எதிரிலேயே இருப்பதுபோலக் காட்டுகிற வி.ஆர். கருவி வந்திருக்கிறது என்கிறான். கொழுந்தனார், ‘ஒன்னப் புடிச்சு அண்ணி மேல போட்டுட்டா அன்னைக்கோட போயிரும்’ என்கிறார். இதில் எது நல்லது? இன்னொன்று: ஊசி போட்டாலோ ரத்தம் எடுத்தாலோ எனக்கு மயக்கம் வந்துவிடும். ரெண்டு தடவை விழுந்திருக்கிறேன். அதற்கும் இதே ட்ரீட்மென்டா? மாமியார், ‘ஏங்கண்ணு, பல்லிக்குப் போயி ஆராச்சும் வைத்தியம் பாப்பாங்களா?’ என்று கேட்கிறார்.”

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பார்ப்பாங்க. என் அறைக்குப் பல்லிக்காக, கரப்பானுக்காக, நாய்க்காக, இடிச் சத்தத்துக்காக, லிஃப்டுக்காக எல்லாம் வந்திருக்கிறார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து, தாளவாடியில் கட்டிக்கொடுத்த அக்காவை வருஷக்கணக்கில் போய்ப் பார்க்காமல் இருந்தவர்கூட வந்தார். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வுகளைப் பார்த்தால், நூறு பேரில் ஏழு பேருக்காவது வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த மாதிரி ஒரு பொருள்மீதோ இடத்தின்மீதோ ஃபோபியா இருந்திருக்கிறது. பெண்களிடம் ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலும் சின்ன வயதில் தொடங்குவது. ஆனால் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சம்தான். வருகிறவர்களும் தங்களுக்காக வருவதில்லை. குழந்தை கத்த ஆரம்பித்த பிறகு வருகிறார்கள், உங்களைப் போலவே.

பல்லி பிடிக்காது என்பது வேறு, ஃபோபியா வேறு. பிடிக்காதவர் முகம் சுளித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஆறு மாதத்துக்கு மேலாகப் பயம் விடாமல், அதைச் சுற்றியே நடமாட்டத்தை மாற்றிக்கொண்டு, வாழ்க்கை இடறுகிற அளவுக்குப் போனால் அதற்கு ஃபோபியா என்று பெயர். எரிகிற அடுப்பை விட்டுவிட்டு ஓடியது உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான். நான் பேனாவால் அடிக்கோடிட்டது அந்த வரியைத்தான்.

சிகிச்சைக்குப் போகும் முன் உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். பல்லியிடம் உங்களுக்கு என்ன பயம்? மேலே பாயும் என்றா, அந்தச் சில்லென்ற தோல் படுவதே அருவருப்பு என்றா, விஷம் என்றா, மேலே விழுந்தால் கெட்ட பலன் என்றா? நம் ஊரில் பல்லி வெறும் பிராணியாக இருப்பதில்லை. பஞ்சாங்கத்தில் அதற்குத் தனியாக ஒரு பக்கமே உண்டு, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால் தோஷம் தீரும் என்று போகிறோம். பயத்தின் அடியில் சகுனம் உட்கார்ந்திருந்தால் அதைத் தனியாகப் பேச வேண்டும். அருவருப்பு அதிகமென்றால் பயத்தைவிட மெதுவாகத்தான் இறங்கும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். விஷம் என்பது மட்டும் வெறும் தகவல் பிழை. வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. அது விழுந்த சாப்பாட்டைக் கொட்டச் சொல்வது, அதன் உடம்பிலும் எச்சத்திலும் கிருமி இருக்கும் என்பதால்.

சரி, இப்போது உங்கள் கதவுக்கு வருவோம். தட்டுகிறீர்கள், லைட் போடுகிறீர்கள், விளக்குமாற்றால் அடிக்கிறீர்கள். பல்லி ஓடிவிடுகிறது. ‘அப்பாடா’ என்று ஒரு நிம்மதி வருகிறது இல்லையா, உங்கள் பயத்துக்குத் தீனி போடுவது அதுதான். தப்பித்த ஒவ்வொரு தடவையும் மனசு, ‘தட்டியதால்தான் பிழைத்தேன்’ என்று ஒரு கணக்கு எழுதிக்கொள்கிறது. தட்டாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கவே அதற்கு வாய்ப்பு கிடைப்பதில்லை. மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947-லேயே இதை எழுதிவிட்டார்: பயம் ஒரு வழியில் உள்ளே வருகிறது, தப்பித்தல் தருகிற நிம்மதியால் உள்ளேயே தங்கிவிடுகிறது. எப்படி வந்தது என்று தோண்டிக்கொண்டிருப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. தங்குகிற வழியை அடைத்தால் போதும்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட நாலு யோசனையும் இந்த வழியை அடைப்பதற்குத்தான். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு கிட்டத்தில், யார் கூட நின்று என்பதில்தான் வித்தியாசம்.

ஈரோட்டுக்காரர் சொல்வது பழைய, மரியாதையான முறை. ஜோசப் வோல்பே என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் உண்டாக்கியது. 1958-ல் புத்தகமாக எழுதினார். கூண்டில் மின்அதிர்ச்சி பட்டுப் பயந்துபோன பூனைகளுக்கு, முதலில் கூண்டிலிருந்து தூரத்தில் தீனி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூண்டுப் பக்கம் நகர்த்தினார். பூனைகள் கடைசியில் கூண்டுக்குள்ளேயே தின்றன. அதையே மனிதர்களுக்குக் கொண்டு வந்தார். தீனிக்குப் பதில் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. உடம்பு தளர்ந்திருக்கும்போது பயமும் கூடவே இருக்க முடியாது என்பது அவர் கணக்கு. குறைந்த பயத்திலிருந்து அதிகப் பயம் வரைக்கும் ஒரு பட்டியல் போட்டு, தளர்ந்த நிலையில் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்ய வைப்பார்.

இது வேலை செய்யும். ஆனால் பின்னால் வந்தவர்கள் தளர்வுப் பயிற்சியைக் கழற்றிவிட்டுச் செய்து பார்த்தபோதும் பயம் இறங்கியது. அதாவது மருந்து பல்லியை எதிர்கொள்வதில் இருக்கிறது. தளர்வு அதைக் குடிக்க உதவுகிற தண்ணீர். 2008-ல் 33 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பிலும், நிஜப் பொருளை நேரில் எதிர்கொண்டவர்கள் சிகிச்சை முடிந்த கையோடு மற்ற எல்லோரையும்விட முன்னே இருந்தார்கள். கற்பனையில் பார்த்தவர்களும் வி.ஆரில் பார்த்தவர்களும் சில காலம் கழித்து அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக ஈரோட்டுக்காரர் தப்பாகச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது, அறைக்குள்ளேயே வர முடியவில்லை என்கிறவர்களுக்கு நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன். இடி, விமானம் மாதிரி நினைத்த நேரத்துக்குக் கொண்டுவர முடியாதவற்றுக்கும் அது கைகொடுக்கும். உங்கள் விஷயத்தில் 12 வாரத்தைக் கற்பனையிலேயே செலவழிக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

வி.ஆர். பற்றி ரெண்டே வரி. உயரத்துக்கும் விமானத்துக்கும் நல்ல கருவி. 1995-லேயே உயரப் பயத்துக்குச் செய்து காட்டிவிட்டார்கள். மாடிக் கட்டடத்தை அறைக்குள் கொண்டுவர முடியாது என்பதால் அங்கே அதற்கு மதிப்பு. ஓட்டு வீட்டில் குடியிருந்துகொண்டு பல்லியைக் காசு கொடுத்துக் கண்ணாடியில் பார்ப்பானேன்?

கொழுந்தனார் யோசனைதான் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. ஏனென்றால் அதில் ஒரு அரை உண்மை இருக்கிறது. படிப்படியாகப் போகாமல், எடுத்த எடுப்பிலேயே உச்சக்கட்டப் பயத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும் சிகிச்சை ஒன்று உண்டு. வெள்ளம் பாய்ச்சுவது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஃபிளடிங் என்பார்கள். நோயாளி முழுச் சம்மதத்தோடு வருவார், பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருப்பார், சிகிச்சையாளர் கூடவே இருப்பார். பலன் உண்டு, ஆனால் பாதியில் ஓடுகிறவர்களும் உண்டு. நான் செய்வதில்லை, படிப்படியாகவே அதே இடத்துக்குப் போய்விடலாம் என்னும்போது எதற்கு?

கொழுந்தனார் செய்ய நினைப்பது அதுவும் இல்லை. கேட்காமல் மேலே போடுவார், நீங்கள் கத்திக்கொண்டு ஓடுவீர்கள், ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். பயம் உச்சத்தில் இருக்கும்போதே ஓட்டம், ஓடியதும் நிம்மதி. பழைய கணக்கில் இன்னொரு வரி ஏறும், அவ்வளவுதான். கூடவே பல்லியோடு கொழுந்தனாரையும் பார்த்துப் பயப்படத் தொடங்குவீர்கள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எட்டு வயதில் என்னை நீச்சல் பழக்குகிறேன் என்று ஓர் உறவுக்காரர் மோட்டார் ரூம் மேலிருந்து கிணற்றுக்குள் தள்ளிவிட்டார். அந்தப் பக்கமெல்லாம் பிள்ளைகளை அப்படித்தான் பழக்குவார்கள், நிறையப் பேர் பழகியும் விட்டார்கள். நான் பழகவில்லை. அதற்கப்புறம் ரெண்டு வருஷம் கிணற்று மேட்டுக்கே போகவில்லை. கடைசியில் அப்புச்சி ஊரில், முதுகில் சுரைப்புருடையைக் கட்டிவிட்டு, மாமா எனக்கு முன்னால் ஒரு படி கீழே, பிறகு இன்னொரு படி கீழே, பிறகு தண்ணீருக்குள் நின்றுகொண்டு, “வா, நான் நிக்கறேன்ல” என்று கூப்பிட்டார். போனேன். வெகு நாள் கழித்து உளவியல் படிக்கும்போதுதான் மாமா செய்ததைப் பற்றி ஓர் ஆய்வே இருப்பது தெரிந்தது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவரோடு இருந்தவர்களும் 1969-ல் வெளியிட்ட ஆய்வு அது. பாம்பைக் கண்டு நடுங்கும் 48 பேரைப் பிரித்தார்கள். சிலருக்கு வோல்பே முறை. சிலர் மற்றவர்கள் பாம்போடு பழகுகிற படத்தைத் தாங்களே ஓட்டி, நிறுத்திப் பார்த்தார்கள். சிலருக்கு எதிரில் ஒருவர் நிஜமாகவே பாம்பைத் தொட்டுக் காட்டி, பிறகு அவர்கள் கையைப் பிடித்து, பிறகு கையை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட வைத்தார். மீதிப் பேருக்கு அப்போதைக்கு ஒன்றும் இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போன குழுவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கடைசிச் சோதனை வரை போனார்கள். மற்ற ரெண்டு முறைகளும் உதவின, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

கோயம்புத்தூர்க்காரர் சொல்லும் மூன்று மணி நேரச் சிகிச்சை, நேரில் படிப்படியாக எதிர்கொள்வதையும் பண்டூரா முறையையும் ஒரே உட்காரலில் சேர்த்துச் செய்வது. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989-ல் இதை விளக்கி எழுதினார். சிலந்தி மாதிரி சின்னப் பிராணிகளின் மீதான பயத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டை எனக்குத் தெரியாது. ‘மூன்று மணி நேரத்தில் எப்படி?’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நடப்பதைச் சொல்கிறேன்.

பல்லிக்காக வந்த ஒருவர். அகல வாய் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் பல்லி, மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள். அறையின் அந்தக் கோடியில் ஸ்டூல்மேல் வைத்துத் துணி போட்டு மூடியிருந்தேன். துணியை எடுப்பதற்கு முன் கேட்டேன்: “எடுத்தா என்ன ஆகும்?”

“என்னப் பாத்துரும். என் பக்கமாப் பாயும்.”

“எவ்வளவு நிச்சயம், நூத்துக்கு?”

“தொண்ணூறுங்க.”

“பயம் இப்ப எவ்வளவு?”

“அதும் தொண்ணூறு.”

எடுத்தேன். பல்லி கண்ணாடியின் அந்தப் பக்கம், இருட்டான மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. “என்ன பண்ணுச்சு?” என்றேன். “அங்கிட்டுப் போயிருச்சு” என்றார், ஏதோ ஏமாந்துபோன மாதிரி. அவர் வாயாலேயே அது வர வேண்டும். ‘பயப்படாதீங்க, ஒன்னும் பண்ணாது’ என்று நான் நூறு தடவை சொன்னாலும் மனசு கேட்காது. அவர் கட்டிய பந்தயத்தில் அவரே தோற்க வேண்டும். மிஷெல் கிராஸ்க் போன்ற உளவியலாளர்கள் இன்றைக்கு அழுத்திச் சொல்வது இதைத்தான்: பயம் எவ்வளவு இறங்கியது என்பதைவிட, எதிர்பார்த்தது நடக்காமல் போனதைக் கண்ணால் பார்த்தாரா என்பதுதான் முக்கியம்.

அப்புறம் ஸ்டூல் ஓரடி, ஓரடியாக வந்தது. ஒவ்வோர் அடிக்கும் அதே கேள்வி. மேஜைமேல் வைத்தோம். பாட்டிலை நான் தொட்டேன், என் மணிக்கட்டை அவர் தொட்டார், பிறகு அவர் விரலே கண்ணாடியைத் தொட்டது. நடுவில் கண்ணை மூடிக்கொண்டார், திறக்கச் சொன்னேன். மனசுக்குள் சென்னிமலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முருகனுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுக்கலாம் என்றேன். கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்கள் கதவு தட்டலைப் போலவே, ‘கூப்பிட்டதால்தான் பிழைத்தேன்’ என்ற கணக்கு அங்கேயும் ஏறிவிடும்.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனபோது மூடியைத் திறந்து என் கையில் ஏற விட்டேன். முழங்கை வரை ஓடிச் சுவருக்குத் தாவிவிட்டது. அவர் கத்தினார், எழுந்து நின்றார். ஓடவில்லை. கத்துவது வேறு, ஓடுவது வேறு. எண்ணைக் கேட்டேன்: “அறுபது... இல்ல, அம்பது.” டார்ச்சை அவர் கையில் கொடுத்து, “எங்க போச்சுன்னு பாருங்க” என்றேன். திரைச்சீலைக்குப் பின்னால் குனிந்து தேடிக் கண்டுபிடித்தார். இத்தனை வருஷம் அவர்தான் ஒளிந்துகொண்டிருந்தார். அன்றைக்கு ஒளிந்தது பல்லி.

மூன்று மணி நேரம் முடியும்போது அவர் விரல் நுனி ஒரு தடவை பல்லியின் முதுகில் பட்டது. ரெண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். பல்லியைத் தொட்டால் அது கட்டாயம். வால் அறுந்து துடிக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தெரியாமல் பார்த்தால் அதுவே புதுப் பயமாகிவிடும்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அந்த 2008 தொகுப்பிலேயே பல தடவை உட்கார்ந்தவர்கள் ஒரே தடவை உட்கார்ந்தவர்களைவிட ஓரளவு நன்றாக இருந்தார்கள். பயம் அழிவதில்லை, அதன்மேல் புதிதாக ஒன்றைப் படிக்கிறோம். புதிதாகப் படித்தது படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டது. என் அறையில் தைரியமாக இருந்துவிட்டு வீட்டுச் சமையலறையில் பழையபடி நடுங்கினால் சிகிச்சை தோற்றதாக நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் இன்னும் படிக்கவில்லை, அவ்வளவுதான். சமையலறையில், பொடக்காலியில், மாட்டுக் கொட்டகையில், அம்மா வீட்டில், பகலில், ராத்திரியில், லைட் வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து அதற்குப் பின்னால் பல்லி வரிசை கட்டும் மழை நாளில் என்று இடம் மாற்றி, நேரம் மாற்றிச் செய்ய வேண்டும். ஆகவே கோயம்புத்தூர்க்காரரிடம் போங்கள். போகும் முன் ஒன்று கேளுங்கள்: அந்த மூன்று மணி நேரத்துக்கு அப்புறம் வீட்டில் செய்ய என்ன தருவீர்கள், எத்தனை நாள் கழித்துத் திரும்பப் பார்ப்பீர்கள்? பதில் தடுமாறினால் அவரும் வேண்டாம். பயணம் முடியாதென்றால் ஈரோட்டுக்காரரிடமே, கற்பனையை ரெண்டு மூன்று வாரத்தோடு நிறுத்திவிட்டு நிஜப் பல்லிக்கு வருவாரா என்று கேட்டுப் பார்க்கலாம். பல்லியையே தொட மாட்டேன் என்கிற ஆலோசகரும் இருக்கிறார், சிரிக்காதீர்கள்.

இருவரில் யாராக இருந்தாலும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த கிளினிகல் சைக்காலஜிஸ்டா, அல்லது மனநல மருத்துவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செலவு தாங்காதென்றால் பெருந்துறை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சிகிச்சை நாளில் ‘தைரியத்துக்கு’ என்று யாராவது தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டு போகாதீர்கள். விமானப் பயம் உள்ளவர்களுக்கு அல்ப்ரசோலம் என்ற பதற்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1997-ல் வந்தது. மாத்திரையோடு பறந்த அன்றைக்குப் பயம் குறைவு. ஒரு வாரம் கழித்து மாத்திரை இல்லாமல் பறந்தபோது, முதலில் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம். ஏற்கெனவே டாக்டர் எழுதிக்கொடுத்து ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தக் கூடாது, அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது ஊசி. இதைக் கடைசிக் கேள்வியாகப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன், ஏனென்றால் பல்லிக்குப் பழகிய வைத்தியத்தை இங்கே அப்படியே கொண்டுவந்தால் விழுந்து மண்டை உடையும்.

பல்லியைப் பார்த்தால் உங்கள் இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறினால் மயக்கம் வராது. ரத்தம், காயம், ஊசி மீதான பயம் மட்டும் விதிவிலக்கு. முதலில் ஏறி, பிறகு திடீரென்று அழுத்தமும் இதயத் துடிப்பும் சரிந்துவிடும். மூளைக்கு ரத்தம் போதாமல் மயக்கம் வரும். இது குடும்பத்தில் வருகிற குணமும்கூட. அம்மாவையோ அப்புச்சியையோ கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் ஆஸ்பத்திரி வாசனையிலேயே சாய்ந்திருப்பார். ‘உடம்பைத் தளர்த்து, மூச்சை மெதுவாக விடு’ என்று ஏற்கெனவே சரிகிற அழுத்தத்தை இன்னும் சரிய விட்டால் என்ன ஆகும்? இங்கே தளர்த்தக் கூடாது, இறுக்க வேண்டும். இதையும் ஓஸ்ட்தான், ஸ்டெர்னர் என்பவரோடு சேர்ந்து 1987-ல் வகுத்தார்.

நாற்காலியில் உட்காருங்கள். ரெண்டு கை, ரெண்டு கால், வயிறு, நெஞ்சு எல்லாத் தசைகளையும் ஒன்றாக முறுக்குங்கள், கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுக்கும்போது உடம்பு இறுகுமே அந்த மாதிரி. மூச்சைப் பிடிக்க வேண்டாம். 10 முதல் 15 விநாடி, முகத்தில் சூடு ஏறுகிற வரை. பிறகு விடுங்கள், துவண்டுபோக விடாமல் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிற அளவுக்கு மட்டும். 20, 30 விநாடி கழித்து மறுபடி. இப்படி ஐந்து தடவை. இதை ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஒரு வாரம் பழகினால், தலை லேசாகிற அந்த முதல் நொடியிலேயே உடம்பு தானாக இறுகக் கற்றுக்கொள்ளும். அப்புறம் ஊசிப் படம், காலி சிரிஞ்சு, அடுத்தவர் ரத்தம் எடுப்பதைப் பார்ப்பது, கடைசியில் உங்கள் கை என்று இதிலும் படிப்படியாகப் போக வேண்டும். ஊசி போடும் கையை மட்டும் அந்த நேரத்தில் முறுக்காமல் விடுங்கள், இல்லையென்றால் வலிக்கும். அதுவரைக்கும் ரத்தம் எடுக்கப் போனால், “எனக்கு மயக்கம் வருமுங்க, படுத்துக்கறேன்” என்று நர்ஸ் அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பி.பி., இதயக் கோளாறு, கர்ப்பம் எதுவும் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பயிற்சி வேண்டாம். ஊசி இல்லாத நேரத்திலும் மயக்கம் வந்திருந்தால் அது பயத்தின் கணக்கில் வராது, முதலில் அதைக் காட்டுங்கள்.

மகளைப் பற்றி. நாலு வயதுப் பிள்ளைக்குப் பல்லியைப் பற்றித் தனியாகக் கருத்து ஒன்றும் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக் கத்துகிறாள். 1980-களில் சூசன் மினேகா குரங்குகளை வைத்துக் காட்டியது இது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்து பாம்பையே அறியாத குரங்குகள், வேறொரு குரங்கு பயப்படுவதைப் பார்த்தே பயத்தைக் கற்றுக்கொண்டன. பயப்படாத குரங்கை முதலில் பார்த்தவை பிற்பாடு அவ்வளவு சுலபமாகக் கற்கவில்லை. ஆகவே இப்போதைக்குப் பல்லி விஷயத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள். அவர் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு, லைட் பக்கத்தில் பல்லி ஈசல் பிடிப்பதை வேடிக்கை காட்டட்டும். அவள் கையில் ஒரு துண்டு ஒப்பிட்டு (போளி) இருந்தால் இன்னும் நல்லது. பூனைக்குத் தீனி வைத்து வோல்பே செய்ததை, அவருக்கு முன்னாலேயே 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் ஒரு சின்னப் பையனுக்குச் செய்திருந்தார். முயலைக் கண்டு பயந்த அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, அவன் தின்னும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலோடு விளையாடினான். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ‘நீ போய்ப் பாரு, பல்லி இருக்கா’ என்று அவளைச் சமையலறைக்குக் காவலாக முன்னால் அனுப்புவது. கடிதத்தில் நீங்கள் அப்படி எழுதவில்லை. ஆனால் இந்த நிலைமையில் முக்கால்வாசிப் பேர் அதைச் செய்கிறார்கள்.

சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டீர்கள் என்றால் அதுவரை கதவில் ஒரே ஒரு மாற்றம். தட்டுங்கள், லைட் போடுங்கள், விளக்குமாற்றை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே போகும் முன் ‘என்ன ஆகும், நூத்துக்கு எவ்வளவு நிச்சயம்’ என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கதவிடுக்கில் செருகுங்கள். வெளியே வந்ததும் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் காகிதங்களைக் கோயம்புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே முதல் அரை மணி நேரம் மிச்சமாகும்.

கொழுந்தனாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பல்லி பிடிக்கிற கை அவருக்கு இருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம். காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கொடுத்து மூடியில் நாலு ஓட்டை போடச் சொல்லுங்கள். வீட்டுப் பயிற்சி தொடங்கும்போது தேவைப்படும். எந்த நாள், எந்த அறை, எத்தனை அடி தூரம் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்; அவர் அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும்.